வலப்பக்கம் விழுகிற பந்து

எங்கள் கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு கம்பங்கள் இருந்தன. வளையம் ஒன்றில்தான். தெற்குக் கம்பத்து வளையத்தை உப்புக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது; ஒரு நாள் பந்தோடு சேர்ந்து அதுவும் கீழே விழுந்தது. அதனால் கடலூரில் நாங்கள் ஆடியதெல்லாம் வடக்குக் கம்பத்தில்தான். அந்த வளையத்தைப் பார்த்து நின்றால் கடல் வலக்கைப் பக்கம் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் காற்று அங்கிருந்து கிளம்பும். நேராக எறிந்த பந்தை இடப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். எனவே எல்லோரும் அரைப் பந்து அளவு வலப்பக்கம் பார்த்து எறிவார்கள். அப்படி எறியச் சொல்லி யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அங்கே ஆடுகிறவன் கைக்குத் தானாக வந்துவிடும்.

நான் எறிவது குறைவு. எறிந்தால் போகாது என்ற பயம். எனக்கு எல்லாவற்றிலும் பயம்தான். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குத் தூக்கம் வருகிறதா என்று கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒன்பதாவது படிக்கும்போதே வாத்தியாரைவிட உயரமாகிவிட்டேன். எழுந்து நின்று வாசி என்று சொன்னால் வகுப்பு முழுக்க என்னை அண்ணாந்து பார்க்கும். வாசிக்காமலே உட்கார்ந்துவிடுவேன். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்து லாரியில் ஏற்றுகிற வேலை. கட்டி வழுக்கிக் காலில் விழுந்துவிடும் என்று அங்கேயும் பயம்.

வேலை முடிந்து சைக்கிளில் வரும்போதுதான் ஒரு நாள் மைதானத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"டேய் ஒசரம்! ஒரு ஆளு கொறையுது, வா!"

கூப்பிட்டவன் பிற்பாடு என் அக்காவைக் கட்டினான். அப்போது அவன் எனக்கு வெறும் ஷூட்டர். என்னைவிட மூன்று வயது மூத்தவன், படகு என்ஜின் ரிப்பேர் செய்கிற கடையில் வேலை. அவன் கையை விட்டுப் பந்து கிளம்பினால் ஆட்டத்தில் இருப்பவர்களே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் மட்டும் பார்க்கமாட்டேன். போகாது என்று பயந்து, பந்து மேலே இருக்கும்போதே அது விழப்போகிற இடத்துக்கு ஓடிவிடுவேன். பத்தில் ஏழு போகும். மீதி மூன்று என் கையில் இருக்கும். தவறிய பந்தைப் பிடிப்பதற்கு ரீபவுண்ட் என்று பெயர் என்பதும், அதைச் செய்கிறவன் ஃபார்வர்ட் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் எனக்குக் கணுக்கால் சுளுக்கியது. சைக்கிளில் வைத்து என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவன் அக்காவைப் பார்த்தான். 2004இல் கல்யாணம். இனிமேல் 'மாமா, நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டது. வீட்டில் 'நீங்க' என்பேன். மைதானத்தில் 'நீ'தான் வரும்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. பல மாதங்கள் படகுகள் கடலுக்குப் போகவில்லை. படகு போகாவிட்டால் ஐஸுக்கு என்ன வேலை, என்ஜின் ரிப்பேருக்கு என்ன வேலை? இரண்டு பேரும் பகல் வெயிலிலேயே மைதானத்துக்கு வர ஆரம்பித்தோம். மாமா எறிவான், நான் பொறுக்குவேன்.

மறுவருஷம் ஐப்பசியில் சிதம்பரத்தில் ஒரு டோர்னமெண்ட். சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு டீம் இருந்தது. அதன் கோச் ஆள் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். வேண்டியது ஒரே ஒருவர். முதலில் வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்ட், நன்றாக ஆடினால் கம்பெனியிலேயே பர்மனென்ட் வேலை. அந்த ஒருவர் யார் என்பதில் கடலூரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். நாங்கள் கிளம்பும்போது என்னைத் தனியாக நிறுத்தினாள்.

"மாமாவுக்குப் பந்து குடு. நீ பாட்டுக்குப் புடிச்சி வச்சிக்கினு நிக்காத."

"குடுக்கறேன்க்கா."

"இன்னா மூஞ்சி இது? நீயா வேலைக்குப் போற? அவருதான போறாரு."

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சிதம்பரத்தில் இறங்கியபோது தெருவில் முழங்கால் தண்ணீர். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நான் வாந்தி எடுத்தேன். மாமா முதுகைத் தட்டினான்.

"நீ இன்னாடா, எனக்கும் சேத்து வாந்தி எடுக்கற?"

மைதானம் குளமாகிவிட்டதால் ஆட்டத்தை ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேலே கூரை, கீழே பலகைத் தரை. நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன் அப்படி ஒரு இடத்தில் காலை வைத்ததில்லை. மாமா ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு கொஞ்சம் நடந்து பார்த்தான். தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு துளி காற்று இல்லை.

அந்தக் காற்று இல்லாததைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

மாமா எறிந்த முதல் பந்து வளையத்தின் வல விளிம்பில் பட்டு வலப்பக்கம் தெறித்தது. இரண்டாவதும் அப்படியே. இல்லாத காற்றுக்கு அவன் கை இடம் விட்டுக்கொண்டிருந்தது. எதிர் டீம் புதுச்சேரி. அவர்களின் உயரமான ஆள்கள் வளையத்தின் நேர் கீழே இடம் பிடித்து நின்றார்கள். எனக்கு மட்டும் அந்தப் பந்து எங்கே வரும் என்று தெரிந்திருந்தது. என் கால் தானாக அங்கே போனது. பிடித்தேன். அக்கா சொன்னபடி மாமாவுக்கே கொடுத்தேன். மறுபடி எறிந்தான். மறுபடி வலப்பக்கம். மறுபடி என் கையில். சில தடவை கொடுக்க வழியில்லாமல் நானே போட்டேன்; கிட்டே நின்று போடுவதால் உள்ளே போனது. ஆட்டம் முழுக்க இதுதான். நான்கு பாயிண்டில் தோற்றோம்.

கோச் நேராக என்னிடம் வந்தார். வழுக்கைத் தலை, கழுத்தில் விசில்.

"பந்து எங்க விழும்னு எப்படிப்பா உனக்குத் தெரியுது?"

பக்கத்தில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மாமா பதில் சொன்னான்.

"சார், அவன் எப்பவுமே போவாதுன்னுதான் நெனப்பான்."

கோச் சிரித்தார். மாமாவும் சிரித்தான். அவர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அடுத்த மாதம் சென்னைக்கு வரச் சொன்னார்.

கீழ வீதியில் ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். மாமாவுக்கு சிதம்பரம் வந்தால் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வேண்டும். அன்றைக்கும் வாங்கினான். ஒரு இட்லியைப் பிட்டவன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். "துன்னு. ஒடம்பு ஏத்தணும் இனிமே." அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும் பஸ்ஸில் நான் டிரைவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மாமா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை.

அக்கா கதவைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமாதான் சொன்னான், மச்சானுக்குக் கெடச்சிட்டுது என்று. அக்கா, "அப்பிடியா, நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அப்படி ஆரம்பித்ததுதான் என் ஆட்ட வாழ்க்கை. ஏழு சீசன். சென்னையில் ஒரு அறையில் நான்கு பேர். விடியற்காலைப் பயிற்சி, மாலைப் பயிற்சி, நடுவில் தூக்கம். என் அளவு ஷூ கடையில் கிடைக்காது. கிடைத்ததை வாங்கிப் பெருவிரல் பக்கம் பிளேடால் கீறிக்கொள்வேன். ரயிலில் கால் நீட்ட முடியாமல் கதவோரம் உட்கார்ந்தே கோயம்புத்தூர், பெங்களூர் என்று பல ஊர் டோர்னமெண்ட்டுக்குப் போயிருக்கிறேன். ஃபார்வர்ட் வேலை மூட்டை தூக்குகிறவன் வேலை மாதிரி. முதுகால் ஒருவனைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும், எழும்ப வேண்டும், விலாவில் முழங்கை வாங்க வேண்டும், பந்தை இறக்கி ஷூட்டரிடம் கொடுக்க வேண்டும். பேப்பரில் ஷூட்டர் பெயர் வரும். எனக்கு அதில் குறை இல்லை. வேறு ஊர் ஷூட்டர்களின் பந்து எந்தப் பக்கம் தவறும் என்று ஒவ்வொருவரையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கைக்குக் கை மாறும். மாமாவின் பந்து மாதிரி எதுவும் எனக்கு அத்தனை நிச்சயமாக இருந்ததில்லை.

ஒவ்வொரு வருஷமும் மே மாதம் டீம் மேனேஜர் கூப்பிடுவார். இன்னும் ஒரு வருஷம் என்பார். அந்த ஏப்ரல் முழுக்க எனக்குச் சோறு இறங்காது. பர்மனென்ட் ஆக வேண்டும் என்றால் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். நான் ஒன்பதில் நின்றவன்.

வேறு யாருக்காவது இந்த நிலைமை வந்திருந்தால் அது அவன் ஒருவன் கவலையோடு போயிருக்கும். எனக்கு அப்படி இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு நடுவே விழுந்த ஒரே இடம் அது. மாமா என்ஜின் கடையை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான், பஸ் ஸ்டாண்டிலிருந்து முதுநகர் வரைக்கும். அந்த இடத்தை நான் பர்மனென்ட் ஆக்கிவிட்டால், போனதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். ஆக்காமல் திரும்பினால் இரண்டு பேருக்குமே இல்லாமல் போய்விடும்.

அதோடு இன்னொரு எண்ணமும் சேர்ந்துகொண்டது. மாமா மாதிரி ஒரு ஷூட்டர், பந்து வலப்பக்கம் போகிறது என்று தெரிந்தும் திருத்தாமல் இருப்பானா? இரண்டு பந்தில் திருத்திவிடுவான். அப்படியானால் எனக்காக வேண்டுமென்றே விட்டானா? ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் தன் மகளைத் தூக்கி என் தோளில் உட்காரவைத்து, "மாமா மேல ஏறிப் பாரு, கடலு தெரியுதா?" என்பான். சிதம்பரம் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

பத்தாவதை அக்கா போனில் சொல்லிக்கொடுத்தாள். அவள் பன்னிரண்டாவது படித்தவள். சாயங்காலம் பயிற்சி முடிந்து, வீங்கிய முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். ஐஸ் தூக்கிப் பிழைத்தவன் கடைசியில் ஐஸையே காலில் கட்டிக்கொண்டேன்.

"வட்டத்தோட பரப்பளவு இன்னா?"

"அக்கா, முட்டி வலிக்குதுக்கா."

"முட்டிக்கு இல்ல, வட்டத்துக்குக் கேட்டேன்."

கணக்கில் இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை, 2011இல், தப்பித்தேன். அதற்குள் முழங்கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. எழும்பினால் இறங்கப் பயம். எழும்பவே பயப்படுகிற ஃபார்வர்டால் டீமுக்கு என்ன பயன்?

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்து, கடலூரில் எங்கள் கம்பம் சாய்ந்துவிட்டது என்று மாமா போனில் சொன்னான். லோடு வண்டியில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார்களாம். "கம்பத்த நிமித்திட்டோம், ஒன் முட்டியத்தான் நிமித்த முடியல" என்றான்.

2012 மே மாதம் மேனேஜர் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். டீ வாங்கிக்கொடுத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"இந்த வருஷம் ஆடறவங்களை மட்டும்தான் பர்மனென்ட் பண்றாங்கப்பா. நீ ரெண்டு வருஷம் முன்னாடியே பாஸ் பண்ணியிருந்தா எப்படியாவது போட்டிருப்பேன்." நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மாமாவின் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. லீவில் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். முன்சீட்டில் அவன் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னான். பின்னால் இரண்டு பேர். மூன்றாவதாக ஒரு மீன்கார அம்மா காலிக் கூடையோடு ஏறியது.

"கால மடக்கு தம்பி. அய்ய, இன்னா ஒசரம் இது!"

"யக்கா, இவன்தான்" என்றான் மாமா.

"யாரு, ஒன் மச்சானா? மெட்ராஸ் டீமுல ஆடறவனா?" அந்த அம்மா முன்னால் குனிந்து என்னைப் பார்த்தது. "யப்பா, ஒன்னால நாங்க பட்ட பாடு! இந்த ஆட்டோல ஏறுனா ஒங் கததான். பந்த அவுங்க விட்டானுங்க, இவன் புடிச்சான்னு துறைமுகம் வர்ற வரைக்கும். டிவில காட்டுவாங்கன்னு சொல்லி என் ஊட்டுக்காரரு ரெண்டு நாளு ஒக்காந்து பாத்தாரு. நீ வரவே இல்லியே?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"மாமா, வேலை போயிடுச்சு. பர்மனென்ட் பண்ணல."

வண்டி கொஞ்ச தூரம் அப்படியே போனது. மீன்கார அம்மா கூடையை மடியில் சரிசெய்துகொண்டது. முதுநகர் பக்கம் எல்லோரும் இறங்கிப் போகும்போது அந்த அம்மா என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. மாமா என்ஜினை நிறுத்தினான்.

"முட்டியா?"

"ஆமா."

"அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல. மாமா, அந்த எடம் ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு."

"எந்த எடம்?"

"சிதம்பரம். நீ அன்னிக்கு எனக்காகத்தான விட்டே? வேணும்னேதான?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டியரிங்கில் கையை வைத்து அப்படிச் சிரித்தான்.

"ஏழு வருஷமா இத்த நெனச்சிக்கினா இருந்த? நான் இன்னாடா அவ்ளோ நல்லவனா?"

"பின்ன ஏன் திருத்தல?"

"ரெண்டாவது பந்துலயே தெரிஞ்சிடுச்சுடா, வலது பக்கம் போவுதுன்னு. கை கேக்கல. லெஃப்ட்ல பாரு, லெஃப்ட்ல பாருன்னு உள்ள கத்தினே இருக்கறேன், கை அது பாட்டுக்குக் கடலப் பாத்துப் போவுது. ஒங்கக்கா புள்ளதாச்சி. அந்த வேல எனக்கு எவ்ளோ வேணும்னு தெரியுமா? வேணும்னு விடுவனா?" சிரிப்பு நின்றிருந்தது. "அன்னிக்கு ஒம் மேல எனக்கு அவ்ளோ கோவம். இட்லி எறங்கல. ஒன் மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னுதான் கண்ண மூடிக்கினு வந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? நீ மெட்ராஸ் போன. நான் சவாரி ஏத்துனேன். ஏத்துனவன்கிட்ட எல்லாம் ஒன்னப் பத்திச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கோவம் எப்போ போச்சுன்னே தெரியல." அவன் கீயைத் திருப்பினான். "எறங்கி நட. ஊட்டுக்குப் போயி மொதல்ல அக்காகிட்ட சொல்லு. எனக்குச் சவாரி இருக்குது."

அக்காவிடம் சொன்னேன். என் பையை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு, "பத்தாவது பாஸ் போவாதில்ல, அது ஒன்னோடதுதான?" என்றாள். பழைய ஐஸ் கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கட்டி இழுக்கிற வேலை இல்லை. லாரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கட்டி யார் காலிலும் விழுந்துவிடக் கூடாது என்று இப்போது மற்றவர்களுக்காகப் பயப்படுகிறேன்.

அந்த வாரக் கடைசியில் மாமா காலையிலேயே வந்து எழுப்பினான். சாயங்காலம் சவாரி ஜாஸ்தி, காலையில் ஆடலாம் என்றான். நான் அத்தனை காலையில் அந்த மைதானத்தில் நின்றதே இல்லை. நிமிர்த்தி நட்ட கம்பம் இன்னும் ஒரு விரல்கடை சாய்ந்துதான் இருந்தது. கடல் அசையாமல் கிடந்தது. காற்று நேர்மாறாக, ஊருக்குள்ளிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமாவுக்கு வயிறு போட்டிருந்தது. பந்தை இரண்டு தட்டுத் தட்டினான்.

"காத்து மாறி அடிக்குது மாமா."

"தெரியுதுடா."

எறிந்தான். பந்து மேலே போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஓட முடியாமல் நடந்துதான் போனேன். வளையத்தைத் தொடாமலே பந்து வலப்பக்கம் வெகுதூரம் வந்து விழுந்தது. ஒரு துள்ளலில் என் கைக்கு வந்தது.

"இப்பவும் கை கேக்கல பாரு" என்றான் மாமா. "குடு."

கொடுத்தேன்.